பிழைத்துக்கொள்ளும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், எங்கள் அடுக்ககத்தின் மூன்றாம் தளத்தில் குடியிருந்த நண்பர் வேலை மாற்றலாகி வடக்கே செல்ல நேர்ந்தது. விடைபெறுவதற்காக அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பெட்டிகள் கட்டப்பட்டுக்கொண்டிருந்த கூடத்தின் நடுவே, பழைய செய்தித்தாள் கட்டின் மீது அவர்களுடைய பூனை அமர்ந்திருந்தது. நான்கு வயதுப் பெண் பூனை. கண் திறந்த சில வாரங்களில் வந்து சேர்ந்தது. அதன் பிறகு அந்த வீட்டின் வாசலைத் தாண்டியதே இல்லை. இதை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். நண்பர் சற்றுச் சங்கடத்துடன், “கீழே தோட்டத்துல விட்டுரலாம்னு இருக்கோம் சார். பூனைதானே, பிழைச்சுக்கும்” என்றார்.

அந்தச் சொல்லை நான் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறேன். எங்கள் ஊரில் திருட்டுப் பாலுக்குப் பழகிய பூனையைச் சாக்கில் போட்டுக் கட்டி, ஆற்றுக்கு அக்கரையில் அவிழ்த்துவிட்டு வருவார்கள். சில பூனைகள் மூன்றாம் நாள் திரும்பி வந்து அடுப்படியில் படுத்திருக்கும். திரும்பாதவற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் அதே சொல்தான்: எங்காவது பிழைத்துக்கொள்ளும்.

வீட்டிலிருந்து ஒரு பூனையை வெளியே விடுவதென்பது என்ன? அது இயற்கைக்குத் திரும்பிப் போகிறதா, அல்லது இதுவரை தனக்கு இல்லாத ஓரிடத்துக்குப் புதிதாகக் குடிபோகிறதா? நண்பரிடம் உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு வரலாறு இரு தீவுகளில் விரிவாகவே பதில் எழுதிவைத்திருக்கிறது. அதைப் படிக்கப் படிக்க, ‘பிழைத்துக்கொள்ளும்’ என்ற சொல்லின் எடை கூடிக்கொண்டே போனது.

*

பூனைக்கும் மனிதனுக்குமான உறவின் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று சைப்ரஸ் தீவில் கிடைத்தது. சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மனிதப் புதைகுழிக்கு வெகு அருகில் ஒரு பூனையின் முழு எலும்புக்கூடும் புதைக்கப்பட்டிருந்ததை, பிரெஞ்சுத் தொல்லியலாளர்கள் 2004-இல் அறிவித்தார்கள். சைப்ரஸில் பூனை இயல்பாக வாழ்ந்த விலங்கல்ல. ஆகவே யாரோ அதைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்திருக்க வேண்டும். பூனையின் கதை தொடக்கத்திலேயே ஒரு படகும் ஒரு தீவுமாக இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

அந்தத் தொடக்கத்திலிருந்து மிக அண்மைக்காலம் வரை, பூனை வீட்டுக்கு உள்ளே பூட்டிவைக்கப்பட்ட விலங்காக இருந்ததில்லை. தானியக் குதிரைச் சுற்றி எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. மனிதன் அதை விரட்டாமல் இருந்தான். உறவு அவ்வளவுதான். கதவு இருபக்கமும் திறந்திருந்தது. தமிழிலும் இந்த எல்லைக்கோடு மங்கலாகவே இருக்கிறது. காட்டில் திரிவதற்கு வெருகு என்று தனிச்சொல் உண்டு. மாலை வேளையில் வேலியோரம் வெருகு வந்துவிட, வீட்டுக் கோழி பதறித் தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கும் காட்சி குறுந்தொகையில் வருகிறது. ஆனால் அதே வெருகைப் பூசை என்று சொல்வதும் மரபுதான் என்கிறது தொல்காப்பியத்தின் மரபியல். வேலிக்கு அப்பால் இருப்பதும் அடுப்படியில் இருப்பதும் வேறுவேறு. ஆனால் அவ்வளவு வேறல்ல என்று மொழிக்கே தெரிந்திருக்கிறது.

கதவு மூடப்பட்டது 20-ஆம் நூற்றாண்டில். அதற்குக் காரணம் ஒரு பை களிமண் என்றால் வியப்பாக இருக்கும். 1947 ஜனவரியில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட் லோ என்ற இளைஞரிடம் அண்டை வீட்டுப் பெண்மணி ஒருவர் கொஞ்சம் மணல் கேட்டு வந்தார். பூனை மலம் கழிக்கும் பெட்டிக்காக அவர் வெளியே குவித்து வைத்திருந்த மணல் குளிரில் உறைந்துவிட்டது. சாம்பலைப் பயன்படுத்தினால் பூனை வீடெங்கும் கரிய பாதச் சுவடுகளைப் பதித்தது. லோ, தொழிற்சாலைத் தரைகளில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சுவதற்காகத் தம் குடும்பத்தார் விற்றுவந்த காய்ந்த களிமண் குருணையில் ஒரு பையைக் கொடுத்தார். அது ஈரத்தையும் நாற்றத்தையும் ஒருசேர உறிஞ்சியது. ‘கிட்டி லிட்டர்’ என்ற பெயரில் அவர் அதை விற்கத் தொடங்கினார். அதுவரை இரவானதும் பூனையை வெளியே அனுப்பிவிட்டுக் கதவடைப்பதே மேலைநாட்டு வீடுகளில் பரவலான வழக்கமாக இருந்தது. இனி அதற்குத் தேவையில்லை என்றாயிற்று. குளிர்பதனப் பெட்டி, டப்பாவில் அடைத்த உணவு, கருத்தடை அறுவை ஆகியவையும் சேர்ந்துகொள்ள, வாழ்நாள் முழுவதும் வாசலைத் தாண்டாத பூனை என்ற புதிய உயிர் உருவானது. பத்தாயிரம் ஆண்டு வரலாற்றில் அதற்கு நூறு வயதுகூட ஆகவில்லை.

மிச்சிகனில் பூனை உள்ளே வந்த அதே 1947-ஆம் ஆண்டின் இறுதியில், உலகின் மறுகோடியில் அது வெளியே போவதற்கான ஏற்பாடும் தொடங்கியது. அந்தக் கதைக்கு முன்னால், அதைவிட அரை நூற்றாண்டு மூத்த கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

*

நியூசிலாந்தின் இரு பெருந்தீவுகளுக்கு இடையே உள்ள குக் நீரிணையில் ஸ்டீபன்ஸ் என்றொரு சிறு தீவு இருக்கிறது. மவோரி மக்கள் அதை டகபோரேவா என்பார்கள். பரப்பு ஒன்றரைச் சதுர கிலோமீட்டர்தான். 1894 ஜனவரியில் அங்கே கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. விளக்கைப் பராமரிக்கும் காவலர்கள் குடும்பங்களோடு குடியேறினார்கள். அவர்களோடு பூனையும் போனது. கருவுற்றிருந்த ஒரு பூனை வீட்டிலிருந்து தப்பிக் காட்டுக்குள் போனதே எல்லாவற்றுக்கும் தொடக்கம் என்று கதை சொல்வார்கள். பிற்காலக் கதைகள் அதற்கு டிபிள்ஸ் என்று பெயரும் சூட்டிவிட்டன.

காவலர்களில் ஒருவரான டேவிட் லயால் இயற்கை ஆர்வலர். பூனை அவ்வப்போது கவ்விக்கொண்டு வந்த சிறு பறவைகளின் உடல்கள் அவர் கவனத்தை ஈர்த்தன. ரென் வகையைச் சேர்ந்த, பழுப்பு நிறத்தில் கைக்குள் அடங்கும் பறவை. சிறகு மிகச் சிறியது, அது பறக்கவில்லை. லயாலே உயிரோடு அதை இரண்டே முறைதான் கண்டதாகத் தெரிகிறது. பாறை இடுக்குகளில் சுண்டெலி போல அது ஓடியதாக அவர் எழுதினார். பறக்க இயலாத பாடும் பறவையினங்கள் உலகில் மிக மிகச் சில. அவற்றுள் ஒன்று பூனையின் வாயிலிருந்து அறிவியலின் மேசைக்கு வந்துசேர்ந்தது.

அதன்பின் நடந்தது பறவையின் கதையல்ல, மனிதர்களின் கதை. ஒரு மாதிரி, அத்தீவுக்கு வந்துபோகும் அரசுக் கப்பலின் பொறியாளர் வழியாக, நியூசிலாந்தின் புகழ்பெற்ற பறவையியலாளர் வால்டர் புல்லரிடம் சென்றது. அவர் புதிய இனமென்று உணர்ந்து விவரணையை லண்டனுக்கு அனுப்பினார். அதற்குள் ஹென்றி டிராவர்ஸ் என்ற மாதிரி வணிகர் ஒன்பது உடல்களைச் சேகரித்து, இங்கிலாந்தின் பெருஞ்செல்வரும் சேகரிப்பாளருமான வால்டர் ரோத்சைல்டுக்கு விற்றுவிட்டார். 1894 டிசம்பரில் ரோத்சைல்டு முந்திக்கொண்டு பெயர் சூட்டினார். புல்லருக்குக் கடுங்கோபம். யார் பெயர் முதலில் வரவேண்டும் என்று அவர்கள் பிணங்கிக்கொண்டிருந்த மாதங்களில், தீவில் பூனைகள் பெருகிக்கொண்டிருந்தன. பூனைகள் காடேறிவிட்டன, எல்லாப் பறவைகளையும் அழிக்கின்றன என்று லயால் கடிதம் எழுதினார். 1895 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் நாளேடு ஒன்று, அந்தப் பறவை அநேகமாக அற்றுப்போய்விட்டது என்று எழுதியதோடு ஓர் யோசனையும் சொன்னது: இத்தகைய தீவுகளுக்குப் போகும் காவலர்கள் பூனை கொண்டுபோகக் கூடாது, தேவையானால் அரசாங்கச் செலவில் எலிப்பொறி வாங்கிக் கொடுக்கலாம்.

எலிப்பொறியின் விலைக்கு ஓர் இனம். அந்த யோசனை ஓராண்டு முன்னதாக யாருக்கும் தோன்றவில்லை. 1899-இல் ஒரு காவலர் பத்து மாதத்துக்குள் நூற்றுக்கு மேற்பட்ட பூனைகளைச் சுட்டுக் கொன்றார். தீவில் பூனைகள் முற்றிலும் இல்லாமற்போக 1925 வரை ஆயிற்று. பறவையில் எஞ்சியிருப்பவை உலக அருங்காட்சியகங்களில் இருபதுக்கும் குறைவான பதப்படுத்திய உடல்கள்.

ஒரே ஒரு பூனை ஒரு முழு இனத்தை அழித்தது என்ற வடிவில் இக்கதை உலகெங்கும் பரவியது. 2004-இல் காலப்ரெய்த், பிரவுன் என்ற இரு நியூசிலாந்து ஆய்வாளர்கள் பழைய கடிதங்களையும் ஆவணங்களையும் ஒப்புநோக்கி அதைத் திருத்தினார்கள். செய்தது ஒரு பூனையல்ல, பூனைகளின் சந்ததி. அவற்றோடு மாதிரிகளுக்கு விலை கொடுத்த சேகரிப்பாளர்களின் அவசரமும் இருந்தது. இன்னொரு உண்மையும் உண்டு. இந்தப் பறவை ஒருகாலத்தில் நியூசிலாந்தின் பெருநிலமெங்கும் வாழ்ந்ததென்று புதைபடிவ எலும்புகள் காட்டுகின்றன. பாலினேசியர்களின் படகுகளோடு வந்த எலி அங்கே அதை முன்பே அழித்திருந்தது. எலி ஏறாத ஸ்டீபன்ஸ் தீவு அதன் கடைசிப் புகலிடம். ஆக, கலங்கரை விளக்கத்துப் பூனை ஒரு நீண்ட கதையின் கடைசிப் பக்கத்தை மட்டுமே எழுதியது. ஆனால் கடைசிப் பக்கம் என்பதால்தான் அதற்குப் பிறகு பக்கமே இல்லை.

*

இப்போது 1947-க்கு வருவோம். அந்த டிசம்பர் 29-ஆம் நாள், டிரான்ஸ்வால் என்ற போர்க்கப்பலில் வந்த தென்னாப்பிரிக்கக் கடற்படையினர், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், கேப் டவுனிலிருந்து ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மாரியன் தீவைத் தம் நாட்டுக்கு உரியதாக்கினார்கள். சுமார் 290 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள எரிமலைத் தீவு. மரங்கள் இல்லை, ஓயாத காற்று. மனிதக் குடியும் இல்லை. அங்கே ஒரு வானிலை ஆய்வு நிலையம் அமைக்கப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீல் வேட்டைக்காரர்களின் கப்பல்களோடு இறங்கிய சுண்டெலிகள், நிலையத்தின் உணவுப் பொருட்களில் புகுந்து தொல்லை கொடுத்தன. 1949-இல் ஐந்து வீட்டுப் பூனைகள் கொண்டுவரப்பட்டன.

ஐந்து. நம் தெருவில் ஒரு வீட்டின் மொட்டைமாடியில் இருப்பதைவிட அதிகமில்லை. அவற்றுக்கு நிலையத்தில் கூரையும் கணப்பும் இருந்தன. ஆனால் குட்டிகள் வெளியே போயின. பூனைக்குட்டி பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரத்துக்குள் மனிதக் கை அதைத் தொட்டுப் பழக வேண்டும். தவறினால், எத்தனை தலைமுறை வீட்டுப் பூனைக்குப் பிறந்திருந்தாலும் அது மனிதனைக் கண்டு ஓடும். காடேறுவதற்குப் பூனைக்கு ஒரே ஒரு தலைமுறை போதும்.

அத்தீவில் பெட்ரல் என்ற கடற்பறவைகள் லட்சக்கணக்கில் இனப்பெருக்கம் செய்தன. பகலெல்லாம் கடலில் இரை தேடிவிட்டு இருட்டிய பிறகே கரை வரும். மண்ணில் வளை தோண்டி, ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும். வானிலிருந்து வரும் எதிரிக்கு அந்த வளையும் இருட்டும் போதுமான காப்பு. வளைக்குள் நுழையக்கூடிய உடலும் இருட்டில் தெரியும் கண்ணும் கொண்ட எதிரி எப்போதும் அங்கே இருந்ததில்லை. 1975-இல் தீவில் 2,000-க்கு மேற்பட்ட பூனைகள் இருந்ததாகவும், அவை ஆண்டுக்கு ஏறக்குறைய 4,50,000 பெட்ரல்களைத் தின்றதாகவும் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். 1977-இல் பூனைகளின் எண்ணிக்கை சுமார் 3,400. முங்கும் பெட்ரல் இனம் ஒன்று தீவிலிருந்து மறைந்தேபோனது. சுண்டெலிக்காக வந்த பூனைகளுக்குச் சுண்டெலி பக்க உணவாகவே இருந்தது.

ஐந்து பூனைகள் பிழைத்துக்கொண்டன. மிக நன்றாகவே பிழைத்துக்கொண்டன. எனக்கு உறைத்தது இதுதான். வெளியே விடும்போது நாம் அஞ்சுவதெல்லாம் பூனை செத்துப்போய்விடுமோ என்றுதான். அது பிழைத்தால் என்ன ஆகும் என்று நாம் கேட்டுக்கொள்வதில்லை. பூனை பிழைப்பதென்றால் தினமும் வேறு ஏதோ ஒன்று பிழைக்காமல் போக வேண்டும்.

கணக்கு அத்தோடு தீரவில்லை. 1977-இல் பூனைகளைத் தாக்கும் பான்லூகோபீனியா என்ற தொற்றுநோய்க் கிருமி அத்தீவில் திட்டமிட்டுப் பரப்பப்பட்டது. கடும் வாந்தியும் கழிச்சலும் கண்டு, உடல் நீர் வற்றி மாளும் நோய். இன்று நாம் மருத்துவரிடம் கொண்டுபோய் வீட்டுப் பூனைக்குப் போடும் தடுப்பூசி முதன்மையாக இதற்கு எதிரானதுதான். 1982-க்குள் 3,400 சுமார் 600 ஆனது. மிஞ்சியவை நோய்க்குத் தாக்குப்பிடித்தன. 1986 முதல் வேட்டைக் குழுக்கள் இரவுதோறும் விளக்கும் துப்பாக்கியுமாகத் தீவெங்கும் நடந்தன. பிறகு பொறிகள், பிறகு நஞ்சு. 1991-இல் கடைசிப் பூனை பிடிபட்டது. பறவைகளைக் காப்பாற்ற வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்த வேட்டையர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். ஆனால் மடியில் உறங்கிய ஐந்து பூனைகளின் வழித்தோன்றல்கள் எந்த முடிவுக்கு வந்துசேர்ந்தன என்பதையும் பார்க்கத்தான் வேண்டும். அவை எந்தக் குற்றமும் செய்யவில்லை. பூனையாக இருந்தன, அவ்வளவுதான்.

பூனை போனதும் தீவு பழைய நிலைக்குத் திரும்பியதா? சில பெட்ரல் இனங்கள் மெல்ல மீண்டன. ஆனால் சுண்டெலி இருந்தது. தீவின் தட்பவெப்பமும் அதற்குள் மாறியிருந்தது. குளிர் குறைந்து, சுண்டெலியின் இனப்பெருக்கக் காலம் நீண்டது, எண்ணிக்கை பெருகியது, பூச்சிகளைத் தின்று தீர்த்த எலிகள் வேறு இரை தேடின. 2003-இல் அல்பட்ராஸ் குஞ்சுகளை அவை தாக்கியது முதன்முறையாகப் பதிவாயிற்று. சிறகு விரித்தால் மூன்று மீட்டர் வரும் பறவையின் குஞ்சு, கூட்டை விட்டு எழுந்து ஓடத் தெரியாமல், கையளவுகூட இல்லாத எலியால் இரவெல்லாம் கடிபட்டுச் சாகிறது. 2023-இல் வளர்ந்த அல்பட்ராஸ் ஒன்றும் இவ்வாறு இறந்தது. உலகின் அலையும் அல்பட்ராஸ்களில் ஏறக்குறைய கால்பங்கு கூடு கட்டுவது இந்தச் சிறு தீவுக்கூட்டத்தில்தான். இப்போது, ஹெலிகாப்டர்களிலிருந்து தீவு முழுவதும் நஞ்சிட்ட இரையைத் தூவிச் சுண்டெலியை ஒரேயடியாக அகற்ற தென்னாப்பிரிக்க அரசும் அந்நாட்டுப் பறவை பாதுகாப்பு அமைப்பும் திட்டமிட்டிருக்கின்றன. ஒரு சோடி தப்பினாலும் முயற்சி வீண். அருகிலேயே இருபது கிலோமீட்டர் தொலைவில் பிரின்ஸ் எட்வர்ட் தீவு இருக்கிறது. அங்கே யாரும் எலியையும் கொண்டுபோகவில்லை, பூனையையும் கொண்டுபோகவில்லை. அங்கே செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை.

*

இந்தத் தீவுக் கதைகளை நம் தெருவுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நம் தோட்டத்துப் பறவைகள் பூனையை அறியாதவை அல்ல. வெருகும் கீரியும் பாம்பும் பருந்தும் சூழ வாழ்ந்தே அவை இங்கு நிலைத்திருக்கின்றன. கொல்லைப்புறத்தில் பிறந்து, மதில்மேல் வளர்ந்து, நான்கு வீட்டு எச்சிலுக்குப் பழகிய பூனையின் வாழ்க்கை வேறு. அதை வீட்டுக்குள் பூட்டுவதுதான் கொடுமையாகும். பூனையைக் கதவுக்குள் அடைத்துவைப்பது நியாயம் என்று வாதிடுவதும் என் நோக்கமல்ல. வேட்டைக்கென்றே அமைந்த அந்தக் கண்ணும் காதும் நகமும் நான்கு சுவர்களுக்குள் எதற்காக இருக்கின்றன என்று எனக்கும் தெரியாது.

நான் சொல்ல வருவது சிறிய விஷயம். உள்ளே வைப்பதும் வெளியே விடுவதும் இரண்டுமே நம் செயல்கள். முதலாவதை நாம் பொறுப்பு என்கிறோம். இரண்டாவதை இயற்கை என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம். கலங்கரை விளக்கத்தின் வாசலைத் தாண்டிய பூனையும், வானிலை நிலையத்தின் வாசலைத் தாண்டிய பூனையும் இயற்கைக்குத் திரும்பவில்லை. அவை திரும்புவதற்கு அங்கே அவற்றின் இயற்கை எதுவும் இருக்கவில்லை. படகில் ஏற்றிய கை, எலிக்கு அஞ்சிய மனம், பொறி வாங்கச் சோம்பிய நிர்வாகம் என்று எல்லாம் அவற்றோடுதான் வெளியே போயின.

தமிழில் பிழைத்தல் என்பதற்கு உயிர்வாழ்தல் என்றும் பொருள், தவறுதல் என்றும் பொருள். பூனை பிழைத்துக்கொள்ளும் என்று நாம் சொல்லும்போது இரண்டு பொருளும் ஒன்றாகவே ஒலிக்கின்றன: ஒன்று பூனையுடையது, மற்றது நம்முடையது.

இதையெல்லாம் நண்பரிடம் சொல்ல எனக்கு அவகாசம் இருக்கவில்லை. ஸ்டீபன்ஸ் தீவையும் மாரியன் தீவையும் லாரி வாசலில் நிற்கும்போது பேச முடியாது. தோட்டத்தில் இரண்டு நாய்கள் இருக்கின்றன, சுற்றுச்சுவர் ஏறினால் பெருஞ்சாலை, இது இதுவரை ஒரு நாயைக்கூடப் பார்த்ததில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் மனைவி அதுவரை ஒன்றும் பேசாமல் பாத்திரங்களைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். அவர்தான் எழுந்து, உள்ளேயிருந்து மணல்பெட்டியையும் பாதி காலியான உணவுப் பையையும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். “கொஞ்ச நாளைக்கு வச்சுக்குங்க சார்” என்றார்.

ஓராண்டாகிறது. மாலையில் அது பால்கனியின் வலைக்கு இப்பால் அமர்ந்து, எதிர் மரத்து மைனாக்களைப் பார்த்தபடி, தாடை நடுங்க ஒரு விசித்திரமான ஒலி எழுப்புகிறது. மைனாக்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. வலையின் இருபுறமும் உள்ளவற்றில் எதற்கு நான் நியாயம் செய்கிறேன் என்று அப்போதெல்லாம் யோசிப்பதுண்டு. பிறகு இருட்டிவிடுகிறது. கதவைச் சாத்திவிட்டு, மணல்பெட்டியைச் சுத்தம் செய்யப் போகிறேன்.